கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் ‘அட்டோபி’ என்றால் என்ன?

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவளுடைய கிளினிக் கொப்பியில் டொக்டர் ஒரு வரி எழுதினார். ஹட்டனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். ‘குடும்பத்தில் அட்டோபி இல்லை’ என்பதுதான் அந்த வரி. அட்டோபி என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த ஹோல்ட்டிலேயே இறங்கித் திரும்பிப் போயிருப்பேன். ஏனென்றால் அது பிழை.

அந்தப் பிழை என்னால் வந்தது. “வீட்டுல யாருக்காவது அலர்ஜி இருக்கா?” என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் கேட்டார். “இல்ல மிஸ்” என்றேன். அம்மாயி மழைக்காலம் முழுக்க இஸ்தோப்பில் சாய்ந்து உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் விடியற்காலையில் பத்து இருபது தும்மல் போடாமல் தேத்தண்ணியைக் கையில் எடுப்பதில்லை. ஆனால் இவை ‘அலர்ஜி’ என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாயிக்கு இருந்தது இழுப்பு. வீட்டுக்காரருக்கு இருப்பது சளி. மகளின் முழங்கை மடிப்பில் இருப்பது கரப்பான். மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருக்கிறோம், மூன்றையும் மூன்று வருத்தமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற சொல்தான் அட்டோபி.

டொக்டர்மார் வாயிலிருந்து இது இரண்டு விதமாக வரும். ‘அட்டோபி’ என்பது அந்தத் தன்மையின் பெயர். ‘ஏடோபிக்’ என்பது அடைமொழி: ஏடோபிக் எக்ஸிமா (நம் கரப்பான்), ஏடோபிக் ஆஸ்துமா (நம் இழுப்பு), ஏடோபிக் பிள்ளை என்பார்கள். ஒலி கொஞ்சம் மாறுவதால் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துவிட வேண்டாம்.

தமிழில் சிலர் இதைப் ‘பரம்பரை ஒவ்வாமை’ என்று எழுதுகிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சொல் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. பரம்பரையாக வருவது ஒவ்வாமை இல்லை. ஒவ்வாமை உண்டாகக்கூடிய வாகுதான் பரம்பரையாக வருகிறது. இவனுக்குச் சூட்டு உடம்பு, அவளுக்குக் குளிர்ச்சி உடம்பு என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அந்தச் சூடும் குளிர்ச்சியும் மருத்துவத்தில் நிற்காது. ஆனாலும் உடம்புக்கு என்று ஒரு வாகு உண்டு, அது நோயாக இருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்தப் பேச்சில் இருக்கிறது. அட்டோபியும் அப்படி ஓர் உடல்வாகுதான். வீட்டுத் தூசி, பூந்தாது, பூனையின் உடம்பிலிருந்து உதிரும் பொடி, முட்டை, பால் போன்றவை பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. அவற்றைப் பகையென்று எண்ணி, அவற்றுக்கு எதிராக ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைச் சில உடம்புகள் உண்டாக்கிவிடும். அப்படி உண்டாக்குகிற, குடும்பத்தில் ஓடுகிற வாகுக்குத்தான் அட்டோபி என்று பெயர்.

ஐஜிஈ என்ன செய்கிறது? மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தோலிலும் மாஸ்ட் கலங்கள் என்று சில கலங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் போய் இந்த ஐஜிஈ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி உள்ளே வந்து அதில் பட்டதும், அந்தக் கலம் தன்னிடமுள்ள ஹிஸ்டமினையும் வேறு சில பொருட்களையும் ஒரேயடியாக வெளியே கொட்டும். மூக்கில் கொட்டினால் தும்மலும் நீரும். மூச்சுக்குழாயில் கொட்டினால் குழாய் சுருங்கி வீசிங். தோலில் கொட்டினால் தடிப்பும் அரிப்பும். உடம்பு இந்த ஏற்பாட்டை வைத்திருப்பது குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்கத்தான் என்று கருதப்படுகிறது. தோட்டங்களில் பன்றிக்கு என்று வைத்த கம்பிக் கண்ணியில் வேறு எதுவோ சிக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். புழுவுக்கு வைத்த கண்ணியில் தூசி சிக்கினால் வருவதுதான் இந்த வருத்தம்.

இதைக் கண்டுபிடித்த கதையை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மருத்துவர்கள் இருவர், பிரவுஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர். கியூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. கியூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரைப் பிரவுஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. அதாவது ஒவ்வாமையை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது. இது 1921இல் நடந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ எதுவென்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து வருடம் பிடித்தது. 1966இல் இஷிசாக்கா என்ற ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவில் அதை இனங்கண்டார்கள். சுவீடனில் யொஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஈ என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அட்டோபி என்ற சொல் அதற்கு வெகு முன்னாலேயே பிறந்துவிட்டது. நியூயோர்க்கில் ஆர்தர் கோக்கா, ரொபர்ட் குக் என்ற இரு மருத்துவர்கள், ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதைப் பார்த்தார்கள். இதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று கிரேக்க மொழிப் பேராசிரியர் எட்வர்ட் பெரியிடம் கேட்டார்கள். அவர் கொடுத்த சொல் இது. 1923இல் அச்சில் வந்தது. ‘டோப்பொஸ்’ என்றால் கிரேக்கத்தில் இடம். முன்னால் ‘அ’ சேர்ந்தால் இடமில்லாதது, இடத்துக்குப் பொருந்தாதது, விநோதமானது என்று பொருள். நம் மொழியிலும் ‘அ’ சேர்த்தால் எதிர்ப்பொருள் வருகிறதே, நீதி அநீதி ஆவது போல, அதே மாதிரிதான். விளங்காத விநோதம் என்ற கருத்தில்தான் அவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1933இல், தோல் வருத்தமும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. வைஸ், சுல்ஸ்பர்கர் என்ற இரு தோல் மருத்துவர்கள் இந்தக் கரப்பானுக்கு ‘ஏடோபிக் டெர்மடைடிஸ்’ என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தார்கள்.

இடமில்லாதது என்ற பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்த வாகு ஓர் இடத்தில் நிற்பதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது கன்னத்தில் சொறியாக வரும். நடக்கத் தொடங்கியபின் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்குப் போகும். பள்ளிக்கூடம் போகும் வயதில் தோல் ஆறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது மூச்சில் வீசிங்காக வரும். அப்புறம் மூக்கில் தும்மலாக வரும். இப்படி வரிசையாக வருவதை ‘ஏடோபிக் நடை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்காது. தோலோடு நின்று, வளர வளர அதுவும் போய்விடுகிற பிள்ளைகள் நிறைய.

குடும்பத்திலும் இதே கதைதான். தகப்பனுக்குத் தும்மல் என்றால் மகளுக்கும் தும்மல்தான் வர வேண்டும் என்றில்லை. மகளுக்குக் கரப்பானாக வரலாம், அவள் தம்பிக்கு வீசிங்காக வரலாம், இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமே வராமல் போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்த வாகு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று, இருவருக்கும் இருந்தால் பாதிக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் உத்தேசக் கணக்கு. பெற்றோர் இருவருக்கும் இல்லாத வீடுகளிலும் சில பிள்ளைகளுக்கு வரத்தான் செய்கிறது. ஒரே பரம்பரையலகுகளோடு பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதுண்டு. ஆகவே இது ‘என் தலையெழுத்து, என் பிள்ளைக்கும் வந்தே தீரும்’ என்ற விஷயம் இல்லை. இதற்கு ஒரேயொரு பரம்பரையலகு காரணமும் இல்லை, பல சேர்ந்து வேலை செய்கின்றன. அதில் நன்றாகத் தெரிந்த ஒன்று ஃபிலாக்ரின். தோலின் மேல்படையை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம் அது. அது குறைந்தால் தோல் ஈரத்தை இழந்து வறண்டு, தூசியை உள்ளே விடும். அதற்கும் ஏடோபிக் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பை ஸ்கொட்லாந்தின் டண்டி நகர ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். கூரையில் தகரம் விலகிய வீட்டுக்குள் மழை வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையும் மெத்தைத் தூசியும்

வாகு மட்டும் போதாது, அதைக் கிளப்பிவிடப் பொருள் வேண்டும். நம் மலையில் அந்தப் பொருளுக்குக் குறைவே இல்லை.

முதல் இடம் வீட்டுத் தூசிப் பூச்சிக்கு. கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் பிராணி அது. கடிக்காது. மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் இருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடியைத் தின்று வாழும். அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையே உடம்பில் உறிஞ்சிக்கொள்கிறது. காற்று வறண்டால் காய்ந்து செத்துப்போகும். சுவிட்ஸர்லாந்தின் டாவோஸ் மலைநகரம் 1560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று வறண்டது, பூச்சி குறைவு. அதனால் ஆஸ்துமாக்காரர்களைச் சிகிச்சைக்காக அங்கே அனுப்புவது ஐரோப்பாவில் நீண்டகால வழக்கம். நுவரெலியா அதைவிட உயரம், 1868 மீட்டர். ‘மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது’ என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். உயரம் மட்டும் மருந்தாகாது. வைகாசியில் மழை பிடித்தால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மாதக்கணக்கில் துணி காயாது. பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு மழை வருட முடிவில். லயக் காம்பராவின் சுவரில் பூஞ்சை படர்ந்திருக்கும். ஒரே கம்பளியில் மூன்று பேர் படுப்பார்கள், வெயில் கண்டால்தான் அது வெளியே வரும். தூசிப் பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதனால்தான் பிள்ளை பகலில் தோட்டமெல்லாம் ஓடி விளையாடிவிட்டு, இரவு படுத்த பிறகு இருமத் தொடங்குகிறது. பழியை நாம் பனியின்மேல் போடுகிறோம். குளிரும் வீசிங்கைக் கிளப்பும், அது உண்மை. ஆனால் தலையணையையும் ஒருமுறை பாருங்கள். படுக்கைத் துணிகளை வாரத்துக்கு ஒருமுறை கொதிக்கும் பதத்துக்குக் கிட்டச் சூடான தண்ணீரில் நனைத்துத் துவைத்தால் பூச்சி சாகும். வெயில் அடிக்கிற நாளில் கம்பளியையும் மெத்தையையும் கொடியில் போட்டு நன்றாக அடித்துத் தட்டுங்கள், பிள்ளை பக்கத்தில் நிற்காமல்.

எது அட்டோபி இல்லை

இங்கேதான் குழப்பம் அதிகம். அரிப்பு, தடிப்பு, இருமல் எல்லாவற்றையும் ‘அலர்ஜி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அலர்ஜி பெரிய வட்டம். அட்டோபியால் வருவது அதற்குள் ஒரு பகுதி.

குளவியை எடுத்துக்கொள்வோம். கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நம் தோட்டங்களில் வருடம் தவறாமல் நடக்கிறது. ஒரே ஒரு கொட்டில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சடைத்து, மயங்கி விழுந்தால் அது ஒவ்வாமை, அதிலும் ஐஜிஈக்குப் பங்கு உண்டு. ஆனால் டொக்டர்கள் அதை அட்டோபி என்று சொல்வதில்லை. பரம்பரையில் ஓர் இழுப்புக்கூட இல்லாதவருக்கும் குளவி விஷம் அப்படிச் செய்யலாம். அன்றாடம் நாம் சுவாசிக்கிற, சாப்பிடுகிற சாதாரணப் பொருட்களுக்கு எதிராக எழும் வாகைத்தான் அட்டோபி என்கிறார்கள். நூறு குளவி சேர்ந்து கொட்டி ஒருவர் விழுந்தால் அது பெரும்பாலும் விஷத்தின் அளவால் வருவது, ஒவ்வாமையே இல்லாமலும் நடக்கும். எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிதான், வீட்டில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

அடுத்தது மீன். கடற்கரையிலிருந்து லொறியில் மலை ஏறி வரும் பலயா, கெலவல்லா மீனைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று அன்றிலிருந்து மீனையே விட்டவர்கள் எத்தனையோ பேர். பல நேரம் அது அலர்ஜி இல்லை. ஐஸ் போதாமல் வைத்த மீனில் பக்டீரியா பெருகி ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுகிறது. சமைத்தாலும் அது போகாது. உடம்பு ஹிஸ்டமினைக் கொட்டவில்லை, நாமே ஹிஸ்டமினைச் சாப்பிட்டிருக்கிறோம். ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விறகடுப்புப் புகை அட்டோபியை உண்டாக்குவதில்லை. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஏற்கெனவே வாகு உள்ள பிள்ளையை இன்னும் வாட்டும். சிமெந்து வேலையில் கை வெடிப்பதும், போலி நகை பட்ட காதில் புண் வருவதும் வேறொரு வகை ஒவ்வாமை, அதில் ஐஜிஈக்கு வேலை இல்லை. தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்குப் போனபின் தொடங்கும் வீசிங் உண்டு. இலங்கை மருத்துவர் சி. ஜி. உறகொட 1970இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது தொழிலால் வரும் ஆஸ்துமா. வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறைகிறதா என்று கவனித்தால் பிடிபடும்.

அப்புறம் இரத்தப் பரிசோதனை ரிப்போட். ‘ஐஜிஈ கூடியிருக்கு, அப்போ அலர்ஜிதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஐஜிஈ புழுவுக்கு எதிரான ஆயுதம் என்று மேலே சொன்னேன். வட்டப்புழுவோ கொளுக்கிப்புழுவோ வயிற்றில் இருந்தால் மொத்த ஐஜிஈ நன்றாகவே ஏறும். ஈசினோபில் என்ற வெள்ளை இரத்தக் கலங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். பிள்ளைகள் வெறுங்காலோடு திரியும் இடங்களில் அந்த எண் மட்டும் ஒன்றும் நிச்சயமாகச் சொல்லாது. தூசிப் பூச்சி, முட்டை என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் பார்க்கும் ஐஜிஈ சோதனையோ, தோலில் துளி வைத்து ஊசியால் மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையோதான் அட்டோபியைக் காட்டும். குத்திப் பார்க்கும் சோதனைக்குப் போவதென்றால் பிரிட்டன் (Piriton) போன்ற அரிப்பு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோதனையில் தடித்தால் உடம்பு அந்தப் பொருளுக்கு ஐஜிஈ உண்டாக்கி வைத்திருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்குச் சோதனையை மட்டும் பார்த்து முட்டையை நிறுத்திவிடக் கூடாது. தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு முட்டை எவ்வளவு பெரிய சத்து என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது? ‘என் மகளுக்கு அட்டோபி என்ற நோய்’ என்றால் பிழை. ‘மகளுக்கு ஏடோபிக் எக்ஸிமா இருக்கிறது, குடும்பத்திலும் அட்டோபி உண்டு’ என்றால் சரி. முதலாவது வருத்தத்தின் பெயர், இரண்டாவது வாகின் பெயர். வாகு இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒரு வருத்தமும் வராதவர்கள் உண்டு. ஆஸ்துமா எல்லாமே அட்டோபியால் வருவதும் இல்லை.

டொக்டர் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளில் பலருக்குச் சளிக்காய்ச்சலோடு ஓரிரு முறை வீசிங் வந்து, வளரும்போது தானாக நின்றுவிடும். பெற்றோருக்கு ஆஸ்துமாவோ, பிள்ளைக்கே கரப்பானோ இருந்தால் அது ஆஸ்துமாவாக நிலைக்கும் வாய்ப்புக் கூடுதல். நாளாந்தம் பம்ப் கொடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க நம் பதில் உதவுகிறது. ‘அலர்ஜி இருக்கா’ என்று கேட்டால் நம் மனதில் ஒன்றும் எழுவதில்லை, அதனால் நீங்களே பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் யாருக்கு இழுத்தது? விடியற்காலையில் யார் தும்முகிறார்? சின்ன வயதில் யாருக்குக் கை கால் மடிப்பில் சொறி இருந்தது? இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் கேட்பது லேசான காரியம் இல்லை. இழுப்பு இருந்தால் பொண்ணு கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்து வைத்த காலம் அது. இருமல் என்றாலே காசநோய் என்று ஒதுக்கிய காலமும்கூட. இது ஒட்டுகிற வருத்தம் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பேசுவார்கள்.

பம்ப் அடித்தால் பழகிவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகும் சிறிய அளவு மருந்து அது. கரப்பானுக்குக் கிளினிக்கில் தரும் வெள்ளைக் கிரீமைக் குளித்த ஈரம் காயும் முன்னே தாராளமாகப் பூசுங்கள். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டெரொயிட் கிரீமைப் பிள்ளையின் முகத்தில் மாதக்கணக்கில் தடவுவதுதான் ஆபத்து, தோல் மெலிந்துவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும்படி மூச்சு இழுத்தாலோ, ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, பிரட்டுக் களத்து வாகனமோ ஓட்டோவோ கிடைத்ததில் உடனே ஏற்றிவிடுங்கள்.

இந்தச் சொல் விளங்கிய பிறகு ஒருநாள் நான் கேட்டபோது மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒன் வீட்டுக்காரருக்கு ரெண்டு வயசுல ஒடம்பெல்லாம் கரப்பான், தலையிலகூட முடி நிக்கல” என்றார். பெரியப்பா ஒருவர் இழுப்போடுதான் கடைசிவரை இருந்தாராம். எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். டொக்டர் படித்துப் பார்த்தார். முன்பக்கம் திருப்பி, ‘இல்லை’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில், ‘உண்டு, தாய்வழியும் தந்தைவழியும்’ என்று எழுதித் திகதி போட்டார்.